ஏரியை முழுதாகச் சுற்றி வாருங்கள்

ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கே தனியாகப் போக வேண்டும். போன இடத்தில் நடக்க வேண்டும். கும்பலாகப் போனால் கூட வந்தவர்களின் பசியையும் களைப்பையும் கவனிப்பதிலேயே பொழுது போய்விடும். வண்டியில் போனால் பார்க்க வேண்டியதெல்லாம் சன்னலுக்கு வெளியே ஓடி மறையும். வயதானவர்கள் தனியாகவும் போகக் கூடாது, அதிகமாக நடக்கவும் கூடாது என்று பிள்ளைகள் தடுக்கிறார்கள். நான் கிளம்பியபோது என் மூத்த மகனும், “ஒண்டியா எதுக்குப்பா போற?” என்றுதான் கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்தது அன்பு. ஆனால் மனிதனுக்கு அவசரம் தீர்வதே முதுமையில்தான். இளமையில் எங்கே போனாலும் திரும்பி வரும் நேரத்தை நினைத்துக்கொண்டே போகிறோம். அவசரம் தீர்ந்த பிறகு ஓர் இடத்தில் நின்று பார்க்கக் கால் கேட்கிறது, மனமும் சம்மதிக்கிறது.

இலங்கையின் கண்டி நகரத்தில் காலை முதல் மாலை வரை நடந்தே கழித்த ஒரு நாளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்களுக்கும் அவர்களைத் தடுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த நாளிலிருந்து சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

கணியம்பாடிக்கும் கண்டிக்கும்

எங்கள் ஊர் கணியம்பாடி, வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் ஜவ்வாது மலை, அதன் மடியில் அமிர்திக் காடு. எங்களுக்குக் கண்டி என்ற பெயர் புதிதல்ல. வேலூர்க் கோட்டைக்குள் கண்டி மகால் என்று ஒரு கட்டடம் உண்டு. திப்பு சுல்தானின் குடும்பத்தைச் சிறைவைத்த அதே கோட்டையில், பின்னர், கண்டியின் கடைசி அரசரையும் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து அடைத்தார்கள். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற நினைவிடம் இருக்கிறது. அரசருடைய கல்லறையும் அவர் குடும்பத்தாரின் கல்லறைகளும் அங்கேதான் உள்ளன. அவற்றின்மேல் தமிழ்நாடு அரசு 1990-இல் மண்டபம் எழுப்பியது.

அந்த அரசரின் பெயர் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழியில் வந்தவர். 1739 முதல் கண்டியை ஆண்டுவந்த நாயக்கர் மரபில் கடைசி அரசர். 1798-இல், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில் அரியணை ஏறினார். 1815 பிப்ரவரி 18 அன்று பிடிபட்டார். 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பல் ஏற்றி, சென்னை வழியாக வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார். ஏறத்தாழப் பதினேழு ஆண்டு அரசர், வேலூரில் பதினாறு ஆண்டு கைதி.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது குரலில் ஓர் இரக்கம் இருக்கும். நாடு இழந்தவர், கடல் தாண்டி வந்து மதில்களுக்குள் முதுமை காணாமலே போனவர் என்பார்கள். பாலாற்றங்கரையில் நிற்பவர்களுக்குத் தெரிவது அவருடைய முடிவு மட்டுந்தான். அவர் ஆண்ட ஊரில், அவர் வெட்டிய ஏரியின் கரையில் நின்றால் என்ன தெரியும் என்று பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் கண்டிக்குப் போனேன்.

ஏரிக்காரன் பார்த்த ஏரி

கொழும்பிலிருந்து ரயிலில் கடுகண்ணாவை மலையேற்றம் தாண்டி முதல்நாள் மாலை கண்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். கடல்மட்டத்திலிருந்து சுமார் ஐந்நூறு மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருக்கிறது நகரம். காலையில் வெயில் ஏறுமுன் தலதா மாளிகையின் பக்கமிருந்து நடக்கத் தொடங்கினேன். புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருக்கும் கோயில் அது. உள்ளே காலைப் பூசைக்கு மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது. வெள்ளை உடுத்த பெண்கள் தாமரையும் அல்லியும் ஏந்திப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏரியை வலக்கைப் பக்கம் வைத்து, கோயிலைச் சுற்றுவதுபோலவே சுற்றத் தொடங்கினேன். முழுச் சுற்று மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரே மூச்சில் நடந்தால் ஒரு மணி நேரம் போதும். எனக்கு முற்பகல் முழுவதும் ஆயிற்று.

கரையோரத்தில் ஒரு வெள்ளைச் சுவர் அலை அலையாக ஓடுகிறது. மேகச் சுவர் என்று அதற்குப் பெயர். அதில் முக்கோண மாடங்கள் வரிசையாக இருக்கின்றன. திருவிழா இரவுகளில் அவற்றில் விளக்கேற்றினால் அத்தனையும் தண்ணீரில் இரண்டாகத் தெரியுமாம். அரண்மனை முகப்பில் இருக்கும் எண்கோண மண்டபத்தைக் கட்டிய தேவேந்திர மூலாச்சாரி என்ற தச்சரின் கைவண்ணம் இது என்கிறார்கள். சுவர் ஏரியை முழுதாகச் சுற்றி வரவில்லை. வேலை முடிவதற்குள் அரசாட்சி முடிந்துவிட்டது.

நான் ஏரிப் பாசன ஊரில் பிறந்தவன். எந்த ஏரியைப் பார்த்தாலும் என் கண் முதலில் தேடுவது மதகை. பிறகு வரத்துக்கால் எங்கே, கோடி எந்தப் பக்கம் போகிறது, கீழே எவ்வளவு ஆயக்கட்டு என்று பார்க்கும். கண்டி ஏரியிலும் அதையே தேடிக்கொண்டு நடந்தேன். கோடி நீர் கிடைத்தது. நகரத்தின் நடுவே மெத எல என்ற கால்வாயாக ஓடி மகாவலி ஆற்றில் சேர்கிறது. ஆயக்கட்டு இல்லை. ஏரி இருக்கும் இடமே ஒரு காலத்தில் நெல் வயல்தான். 1807-இல் அரசர் அந்த வயல்களுக்குக் குறுக்கே கரை போட்டு நீரைத் தேக்கினார். அதற்குப் பாற்கடல் என்று பெயர் வைத்தார். நடுவே ஒரு சிறு தீவு விட்டார். தன் தலைநகரம் தேவலோகம்போல இருக்க வேண்டும் என்பது அவர் கனவு.

எங்கள் பக்கத்தில் வயலுக்காக ஏரி வெட்டினார்கள். இங்கே ஏரிக்காக வயல் தண்ணீருக்குள் போயிற்று. இதை நினைத்தபடி ஒரு மரத்தடியில் வெகுநேரம் நின்றேன். மேலே கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. தண்ணீரில் மலை அசையாமல் படிந்திருந்தது. கண்ணுக்கு அவ்வளவு நிறைவான காட்சியை நான் அதிகம் கண்டதில்லை. அழகு மனிதனுக்குத் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருநூறு ஆண்டுகளாக எத்தனை லட்சம் பேர் இந்தக் கரையில் உட்கார்ந்து மனம் ஆறியிருப்பார்கள்!

ஆனால் ஏரியைப் பார்க்கும் எவரும் மண் சுமந்தது யார் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். கண்டி இராச்சியத்தில் இராஜகாரியம் என்ற முறை இருந்தது. நிலம் வைத்திருப்பவர்கள் அரசருக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்க வேண்டும். பாசனக் குளத்துக்கும் சாலைக்கும் அப்படி உழைத்தால் பலன் ஊருக்குத் திரும்பி வரும். அரசரின் கண்ணுக்கு அழகாக ஓர் ஏரி வெட்ட அழைத்தபோது குடிகளும் தலைவர்களும் முணுமுணுத்தார்கள். எதிர்த்தவர்களை ஏரியின் நடுவிலேயே கழுவில் ஏற்றினார்கள் என்று ஒரு கதை இன்றும் வழங்குகிறது. கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அந்த வேலையின்மேல் மக்களுக்கு இருந்த கசப்பு உண்மை. அதனால்தான் கதை இத்தனை காலம் பிழைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் முன்னோர்கள் குடிமராமத்து என்ற பெயரில் ஏரிக்கரையில் உழைத்தார்கள். அவரவர் வயலுக்கு வரும் தண்ணீருக்காக அவரவர் மண் சுமந்தார்கள். இந்தக் காலத்தில், வறண்டு கிடந்த நாகநதிக்காக எங்கள் வட்டாரப் பெண்கள் நூறு நாள் வேலையில் தடுப்பணைகளும் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளும் அமைத்தார்கள். அந்தப் பெண்களின் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன். உழைப்பின் பாரம் இரண்டிடத்திலும் ஒன்றுதான். யாருக்காக உழைக்கிறோம் என்பது தெரிந்தால் தலைச்சுமை தாங்கும். தெரியாவிட்டால் அது தோளை விட்டு இறங்கி நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். வேலூரில் அரசர் இறந்த அதே 1832-ஆம் ஆண்டில்தான் ஆங்கிலேய அரசு இராஜகாரியத்தை ஒழித்தது.

அக்கரையில் கேட்டது

கிழக்கு முனையைத் தாண்டித் தென்கரைக்கு வந்தேன். அந்தப் பக்கத்தில் மல்வத்தை விகாரை இருக்கிறது. பௌத்த பிக்குகளின் தலைமைப் பீடங்களில் ஒன்று. கீழே ஏரியைப் பார்த்தபடி இருந்த சிமெண்டுப் பலகையில் என் வயதை ஒத்த சிங்களப் பெரியவர் ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர். தமிழ் ஊழியர்களோடு பழகியதால் ஓரளவு தமிழ் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ராஜாவைக் கொண்டுபோன இடமா?”

“ஆமாங்க. கல்லறை எங்க ஊருக்குப் பக்கத்துலதான் இருக்குது.”

“உங்க ஊர்ல ஆட்கள் அவரைப் பத்தி என்ன சொல்றது?”

இரக்கத்தோடு பேசுவார்கள் என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தான் சிறுவயதில் பள்ளியில் படித்த ஒரு வரலாற்றைச் சொன்னார்.

அரசரின் முதன்மை அமைச்சராக இருந்தவர் எஹலேபொல. அவர் 1814-இல் கலகம் செய்து ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டார். அரசர் அவருடைய மனைவி மக்களைப் பிடித்துவந்து கொல்லச் சொன்னார். பிள்ளைகளின் தலையைத் தாயின் கண்முன்னால் வெட்டினார்கள். மூத்தவன் அஞ்சித் தாயின் பின்னால் ஒதுங்கியபோது, இளையவன் மத்துமபண்டார முன்வந்து, தன்னை முதலில் வெட்டச் சொன்னான் என்கிறார்கள். அதன்பின் தாயைப் போகம்பறைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். அந்தச் சிறுவனுக்குக் கண்டியில் சிலை இருக்கிறது. இன்றும் சிங்களக் குழந்தைகள் அவனை வீரனாகப் படிக்கிறார்கள்.

பெரியவர் ஏரியைக் காட்டினார். “இது செஞ்சதும் அதே ராஜாதான்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்து கைகூப்பி விடைபெற்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வடகரையிலிருந்து பார்த்தபோது தீவும் மலையும்தான் கண்ணில் பட்டன. தென்கரையிலிருந்து கோயிலும் அரண்மனையும் மேகச் சுவரும் தெரிந்தன. தண்ணீர் ஒன்றுதான். ஒரு கரையில் நிற்பவருக்குத் தெரிவது மற்றக் கரைக்காரருக்குத் தெரிவதில்லை. அரசரும் அப்படித்தான். பாலாற்றங்கரையில் அவர் நாடிழந்த கைதி. போகம்பறையில் அவர் பிள்ளைகளைக் கொன்றவர். தலதா மாளிகை வாசலில் அவர் எண்கோண மண்டபமும் ஏரியும் தந்து நகரத்துக்கு அழகு செய்தவர். இந்த மூன்றில் எதுவும் பொய்யில்லை, எதுவும் முழுமையும் இல்லை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்கவும் முடியாது. அவர் ஏரி வெட்டினார் என்பதற்காக அந்தக் குழந்தைகளின் இரத்தம் கழுவப்பட்டுவிடாது. அவர் கொடுமை செய்தார் என்பதற்காக ஏரியின் அழகு குறைந்துவிடாது.

மேட்டிலிருந்தும் கல்லறையிலிருந்தும்

தென்மேற்கே ஒரு மேட்டில் ஆர்தர் இருக்கை என்ற இடம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் ஏரியும் கோயிலும் கடைவீதியும், எதிரே பஹிரவகந்தை மலையில் வெள்ளைப் புத்தர் சிலையும் ஒரே பார்வையில் அடங்கும். ஏறும் சாலை செங்குத்தானது. நின்று நின்று ஏறினேன். வேன்களில் வந்தவர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பினார்கள். அவர்கள் கண்டதும் நான் கண்டதும் ஒரே காட்சிதான். ஆனால் கீழே நடந்து வந்ததால் எந்த வளைவில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார், எங்கே சுவர் பாதியில் நின்றது, எங்கே கோடி நீர் இறங்குகிறது என்று எனக்கு அடையாளம் தெரிந்தது. உயரத்திலிருந்து பார்ப்பது நல்லதுதான். அதற்கு முன் கீழே நடந்திருக்க வேண்டும். வீட்டில் மூத்தவர்களாக இருந்து தீர்ப்புச் சொல்கிறவர்களும், பதவியில் இருந்து உத்தரவு போடுகிறவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நடுப்பகல் வெயிலுக்கு அறைக்குத் திரும்பி உண்டு, உறங்கி, நிழல் சாய்ந்த பிறகு மறுபடி கிளம்பினேன். தலதா மாளிகை வளாகத்தில் மரத்தூண்கள் வரிசையாக நிற்கும் அரசவை மண்டபம் இருக்கிறது. 1815 மார்ச் 2 அன்று கண்டித் தலைவர்களும் ஆங்கிலேயரும் ஒப்பந்தம் செய்துகொண்டது அங்கேதான். அரசரை விலக்கி நாட்டை ஆங்கிலேய மன்னருக்குக் கொடுத்தார்கள். மூன்றாண்டு கழியுமுன் அதே தலைவர்கள் ஏமாற்றம் பொறுக்காமல் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1818-இல் அந்தக் கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. எஹலேபொலயும் சந்தேகத்தின் பேரில் கைதானார். மொரீசியஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு 1829-இல் அங்கேயே இறந்தார்.

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் சிறு மேட்டில் ஆங்கிலேயப் படையினரின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். கல்வெட்டுகளில் பெரும்பாலும் இளம் வயதுகள். காய்ச்சலும் காலராவும் கொண்டுபோனவர்கள், பச்சைக் குழந்தைகள், பிரசவத்தில் போன பெண்கள். சர் ஜான் டொய்லி அங்கே அடக்கமாகியிருக்கிறார். சிங்களம் கற்று, கண்டித் தலைவர்களோடு ஓலை பரிமாறி, அரசர் பிடிபடவும் ஒப்பந்தம் கையெழுத்தாகவும் வழிசெய்தவர் அவர். 1824-இல், ஐம்பது வயது நிறையுமுன் கண்டியிலேயே காய்ச்சலில் இறந்தார்.

ஆண்டவர் வேலூரில் போனார். அவரை எதிர்த்தவர் மொரீசியஸில் போனார். இருவரையும் வைத்து ஆட்டத்தை ஆடியவர் தன் தேசம் திரும்பாமல் இங்கே போனார். மூவருக்கும் இந்த ஏரிக்கரை வேண்டியிருந்தது. மூவருக்கும் அது நிலைக்கவில்லை. ஒருவனை வீழ்த்திவிட்டால் அந்த இடம் நமக்கு வந்துவிடும் என்று நினைத்து வாழ்நாளைச் செலவிடுகிறவர்களை நம் தெருவிலேயே பார்க்கிறோம். அண்ணன் தம்பி வரப்புச் சண்டையில் நீதிமன்றத்துக்கு நடந்து நடந்து இருவரும் நிலத்தை விற்று முடித்ததையும் பார்த்திருக்கிறேன். டொய்லியின் கல்லறைமுன் எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது.

நடந்து வந்தவர்கள்

மாலையில் கோயில்களுக்குப் போனேன். தலதா மாளிகைக்கு எதிரே நாத தேவர் கோயிலும், பக்கத்தில் பத்தினித் தெய்வத்தின் கோயிலும் விஷ்ணு கோயிலும், கொஞ்ச தூரத்தில் கதிர்காமக் கடவுளின் கோயிலும் இருக்கின்றன. பத்தினித் தெய்வம் என்பது நம் கண்ணகிதான். ஆடி, ஆவணி வாக்கில் நடக்கும் எசல பெரஹரா ஊர்வலத்தில் புத்தரின் பல்லுக்குரிய பேழையைச் சுமந்த யானைக்குப் பின்னே இந்த நான்கு கோயில் ஊர்வலங்களும் போகும். சிங்களப் பெண்கள் தங்கள் குழந்தைகளைப் பத்தினி சன்னிதியில் கிடத்தி வேண்டிக்கொள்வதைப் பார்த்தேன். மதுரையை எரித்தவளிடம் இங்கே பிள்ளைகளின் நலத்துக்காக வேண்டுகிறார்கள். அவளும் வேறொரு கரையில் வேறு முகம் காட்டுகிறாள்.

தலதா மாளிகை வாசலில் பலத்த சோதனை உண்டு. 1998 ஜனவரி 25 அன்று வெடிகுண்டு லாரி மோதி அந்த முகப்பு சிதைந்தது. உயிர்கள் போயின. அதற்கு முன் 1983 ஜூலையில் இதே ஊர் உட்பட நாடெங்கும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தமிழனாக அந்த வாசலில் செருப்பைக் கழற்றியபோது இரண்டையும் நினைத்துக்கொண்டேன். தன் வீட்டுச் சாவை மட்டும் எண்ணுகிறவனுக்குக் கணக்கு ஒருநாளும் நேராகாது.

கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சிறிய கடையில் தேநீர் குடித்தேன். கடை வைத்திருந்த அம்மா மலையகத் தமிழர். பால் ஊற்றாத தேநீரை அங்கே பிளேன்டீ என்கிறார்கள். இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார்.

“அய்யா இந்தியாவுல எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

வேலூர்ப் பக்கம் என்றேன். உங்களுக்குப் பூர்வீகம் எது என்று கேட்டேன்.

“அது தெரியாதுங்க அய்யா. எங்க பாட்டனோட பாட்டன் நடந்து வந்தாருன்னு மட்டும் சொல்லுவாங்க.”

அவர் சொன்னது பெரிய வரலாறு. 1820-களில் கண்டிப் பக்கம் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. அவற்றுக்காகத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாகவே போனார்கள். தண்ணீர் இல்லாமலும் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் வைத்த தேயிலை, காப்பி அழிந்த பிறகு அந்த மலைகளை நிரப்பியது. அதைக் கிள்ளிய கைகளுக்கு 1948-க்குப் பிறகு குடியுரிமையே மறுக்கப்பட்டது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் அன்று நடந்தது விருப்பத்தால். நல்ல செருப்பு இருந்தது, பையில் தண்ணீர் இருந்தது, இரவுக்கு அறை இருந்தது. அந்த அம்மாவின் முன்னோர் நடந்தது பசியால். அரசர் பெற்ற மண்டபமோ டொய்லி பெற்ற கல்லறையோ அவர்களுக்கு வழியில் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த மலைகளின் தேயிலைப் பச்சைக்கு அவர்கள்தான் காரணம். அழகான ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் இவர்களை நினைக்காமல் திரும்பினால் அந்த ஊரைப் பாதிதான் பார்த்தவர்கள் ஆவார்கள்.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும்

அரசரைப் பற்றிக் கல்லறைப் பக்கத்தில் ஒன்று கேட்டோம், ஏரிப் பக்கத்தில் வேறொன்று கேட்டோம். அவருடைய கொடியில் இருந்த சிங்கம் இன்று இலங்கையின் தேசியக் கொடியில் நிற்கிறது. இங்கிலாந்துக்குப் போன அவருடைய அரியணை 1934-இல் திரும்பி வந்து கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரை விலக்கிய நாடே அவருடைய பொருள்களைப் போற்றி வைத்திருக்கிறது. இருநூறு ஆண்டு கழித்தும் ஒரு மனிதரைப் பற்றிய பேச்சு முடியவில்லை. அப்படியிருக்க, நேற்று வந்த மருமகளைப் பற்றி ஒரு மாதத்தில் முடிவு கட்டுகிறோம். பங்காளியைப் பற்றி முப்பது வருடத்துக்கு முன் அவன் சொன்ன ஒரு சொல்லை வைத்து இன்றும் தீர்ப்புச் சொல்கிறோம். செத்துப்போன தகப்பனை ஒன்று தெய்வமாக்குகிறோம், இல்லாவிட்டால் வசைபாடுகிறோம். ஒரு கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தெரிந்தது இவ்வளவுதான் என்று எழுந்துவிடுகிறோம்.

சுற்றி வருவதற்கு நேரம் ஆகும். கால் வலிக்கும். எதிர்க்கரையில் நமக்குப் பிடிக்காததைச் சொல்லும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் பேசி முடிக்கும்வரை கேட்க வேண்டும். முதுமையில் நமக்கு நேரம் இருக்கிறது. பிறரிடமிருந்து இனிப் பெறவேண்டியது அதிகம் இல்லாததால் பொறுமையும் இருக்கிறது. வீட்டில் நியாயம் சொல்லும் தகுதி பெரியவர்களுக்கு வருவது நரையால் அல்ல. எல்லாத் தரப்பையும் நின்று கேட்டுவிட்டுச் சொல்கிறார் என்ற நம்பிக்கையால் வருகிறது.

தனியாகப் போவதன் பயனும் இதில்தான் இருக்கிறது. கூட ஆள் இருந்திருந்தால் அந்தச் சிங்களப் பெரியவர் என்னிடம் பேசியிருக்க மாட்டார். தேநீர்க்கடை அம்மாவின் பாட்டன் கதையும் வந்திருக்காது. தனியாக வருகிறவனிடம் ஊர் பேச்சுக் கொடுக்கிறது. நமக்கும் பேச்சை விட்டு, கேட்கும் பழக்கம் வருகிறது.

பிள்ளைகளே, தாயையோ தகப்பனையோ போகாதே என்று தடுக்காதீர்கள். பத்திரமாகப் போய்வர வழிசெய்து கொடுங்கள். பெரியவர்களே, நீங்களும் பிடிவாதமாகக் கிளம்பிவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தின் முகவரியையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பழகிய செருப்பைப் போடுங்கள்; புதுச் செருப்பு காலைக் கடிக்கும். வெயிலுக்கு முன் நடந்து, உச்சிப் பொழுதில் படுத்து, சாய்ந்த பிறகு மறுபடி கிளம்புங்கள். காலையிலும் இரவிலும் வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள்.

கண்டி வரை போக எல்லாருக்கும் வசதி இருக்காது. வேலூர்க் கோட்டையின் அகழியை ஒரு நாள் முழுதாகச் சுற்றி வாருங்கள். உங்கள் ஊர் ஏரிக்கரையில் மதகிலிருந்து கோடி வரை நடந்து, கடைமடையில் இருக்கும் விவசாயி என்ன சொல்கிறார் என்று நின்று கேளுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, நீங்கள் பேசாமல் விட்ட உறவினர் ஒருவருக்குப் போன் செய்து, “உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லு, கேக்கறேன்” என்று சொல்லுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.